உழவரின் மனநலம்: குடும்பத்தாரின் கவனத்திற்கு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் பல ஊர்களிலிருந்தும் மக்கள் அருவியை நாடி வருகின்றனர். அதே மேகத்தைத் தென்காசி, செங்கோட்டை வட்டார உழவர்கள் வேறொரு கவலையுடன் நோக்குகின்றனர். அடவிநயினாரும் கருப்பாநதியும் நிரம்பினால்தான் கார் நெல் கரைசேரும். மழை பெய்து காய்கறி விளைந்தாலும், பாவூர்சத்திரம் சந்தையில் விலை கிடைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பொய்த்தாலும் எஞ்சுவது கடனே. நிலமற்ற கூலித் தொழிலாளருக்கோ அன்றைய வேலையே இல்லாமற் போகிறது.

இக்கவலை பெரும்பாலும் கவலை என்னும் பெயருடன் மருத்துவமனைக்கு வருவதில்லை. தலைவலி, உடல் அசதி, நெஞ்சில் பாரம் என உடல் நோயாகவே வெளிப்படுகிறது. உறக்கம் கெடுதல், உணவில் வெறுப்பு, வயற்பக்கமே செல்லாதிருத்தல், குடிப்பழக்கம் மிகுதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். மனச்சோர்வு கோழைத்தனம் அன்று. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். “நான் இருந்து என்ன பயன்?” என்று ஒருவர் கூறினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. “உயிரை விடும் எண்ணம் வருகிறதா?” என்று நேரிடையாகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. மனத்தின் சுமை சற்றே இறங்கும்.

உழவர் வீடுகளில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. தற்கொலை எண்ணத்தின் உச்சம் பலருக்குச் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்நேரத்தில் பூச்சிக்கொல்லி கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தப்பக்கூடும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சினேகா அமைப்பின் நிறுவனரான மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சோதித்தனர். இரண்டு சிற்றூர்களில் பொதுக் காப்பறை அமைத்து, உழவர்கள் மருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டிகள் அளித்தனர். ஊரார் அதனை மனமுவந்து ஏற்றனர். பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் குறைந்தன என 2013இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. விளைச்சல் அதனால் குன்றவில்லை.

காப்பறை இல்லாத ஊரிலும் இதனைச் செய்யலாம். தேவைக்கு மேல் மருந்து வாங்காதீர்கள். வாங்கியதை வீட்டில் வைக்காமல் வயலிலுள்ள பம்புசெட் அறையில் பூட்டி, சாவியை நம்பிக்கையான வேறொருவரிடம் கொடுங்கள்.

எவரேனும் நஞ்சு அருந்திவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். மருந்துப் புட்டியையும் உடன் எடுத்து வாருங்கள். வழக்கு வருமே என அஞ்சி மறைக்க வேண்டா. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

இரவும் பகலும் 14416 என்னும் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம், தமிழிலேயே பேசலாம். எந்த நோய்க்காக எங்களிடம் வந்தாலும், வீட்டிலுள்ள உழவரின் மனநிலை குறித்தும் மருத்துவரிடம் ஒரு சொல் கூறுங்கள். அதனைக் கேட்பதும் எங்கள் பணியே.