இறக்கத்தில் பெட்ரோல்

வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா, கியரிலேயே வைத்திருந்தால் மிச்சமாகுமா என்று பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். வேகமாகச் சுழலும் எஞ்சின் அதிகமாகக் குடிக்கத்தானே செய்யும் என்பது அவருடைய சந்தேகம்.

சிறு வயதில் என் தாயாரின் தையல் மெஷினில் நான் கண்ட வேடிக்கை ஒன்று உண்டு: சக்கரம் நல்ல வேகத்தில் ஓடும்போது மிதிப்பதை நிறுத்திப் பாதத்தை மட்டும் பலகைமேல் வைத்திருந்தால், அதுவரை கால் சுழற்றிய சக்கரம் இப்போது காலைத் தூக்கித் தூக்கி இறக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும் காரிலும், சரிவு வண்டியைத் தள்ள, சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன, வால்வுகள் திறந்து மூடுகின்றன, வெறுங்காற்று வந்து போகிறது, பெட்ரோல் மட்டும் ஒரு துளியும் இல்லை. ஆக்ஸிலரேட்டர் மூடியிருப்பதையும், எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 1,500 சுற்றுக்கு மேல் ஓடுவதையும் சென்சார்கள் அறிவித்த மாத்திரத்தில், மின்னணுப் பெட்டி இன்ஜெக்டர்களை அடைத்துவிடுகிறது.

அடைப்பதைவிடத் திறப்பதே எனக்கு அதிக விசித்திரம். சுழற்சி குறைந்து எஞ்சின் அணைந்துபோகும் தறுவாய்க்குச் சற்று முன்னதாகவே பெட்ரோல் மறுபடி சுரக்கிறது. சடக்கென்று வந்தால் வண்டி குலுங்குமே என்று, ஸ்பார்க்கின் நேரத்தைச் சிறிது பின்தள்ளி, உறங்குகிறவரைத் தொட்டு எழுப்புவது போல எஞ்சினை எழுப்புகிறது அந்தப் பெட்டி. பழைய கார்புரேட்டருக்கு இந்த விவேகம் இல்லை. மூடிய த்ராட்டிலுக்குக் கீழே எழும் உறிஞ்சலில் ஐடில் துவாரத்தின் வழியே பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும், அரைகுறையாக எரிந்தது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். பழைய டீசல் லாரியின் பம்பிலிருந்த கவர்னரோ, மின்னணு எதுவுமின்றி எரிபொருளை அடைக்கும் வேலையைச் செய்துவந்தது.

நியூட்ரலில் சரிவின் சக்தி எஞ்சினை எட்டுவதில்லை. அணையாதிருக்க அது எரித்தே தீரவேண்டும், சிறிய காருக்கும் மணிக்கு அரை லிட்டர் போல. மிக மெல்லிய சரிவில் கியரின் பிடிப்பு வண்டியையே நிறுத்திவிடும், அங்கே கணக்கு வேறு. மலைப்பாதையிலோ அந்தப் பிடிப்பே பிரேக்கைச் சூடேறிக் கருகாமல் காப்பாற்றுகிறது. சாவியையே அணைத்துவிட்டு இறங்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குப்பின் பிரேக் கல்லாகிவிடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, ஓட்டக் கற்பிப்பவர்களும் எட்டுப் போடுவதோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள்.

வாசகரின் காரில் அந்தந்தக் கணத்து மைலேஜைக் காட்டும் திரை இருந்தால், கியரில் இறங்கும்போது எண் தன் மேல் எல்லையில் முட்டி நிற்பதைக் காணலாம். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பார்த்துச் சொல்லட்டும்; வாசகர் வளைவைப் பார்க்கட்டும்.