மூத்த பூனையின் கடைசி மாதங்கள்: வளர்ப்பவர் கடமையும் சட்டமும்

வயதாகி நோயில் இளைத்துப்போன பூனையைச் சாக்கில் கட்டி, மீன் மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வரும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. ‘அங்கே எதையாவது தின்னு பொழைச்சுக்கும்’ என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். பல வருடம் வீட்டுச் சோறு தின்று, பல் கொட்டி, கண் மங்கிய பூனை மார்க்கெட் நாய்களுக்கு நடுவில் பிழைக்காது. அதைவிடப் பரவலான இன்னொரு பழக்கமும் உண்டு. அதை யாரும் தவறென்றே நினைப்பதில்லை. பூனை சாப்பாட்டை நிறுத்திவிட்டு பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ‘வயசாயிடுச்சு, தானாப் போகட்டும்’ என்று வீடு காத்திருக்கும். ஒரு வாரம், பத்து நாள் என்றுகூட அது நீளும். அத்தனை நாளும் அந்த உயிர் தாகத்திலும் குமட்டலிலும் வலியிலும் கிடக்கிறது. வைத்தியம் பார்ப்பதா, வலியை மட்டும் குறைப்பதா, டாக்டர் கையால் முடித்துவைப்பதா என்பதை வளர்த்தவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பொறுப்பைச் சட்டமும் வளர்த்தவர் தலையில்தான் வைத்திருக்கிறது.

மூத்த பூனைகளை அதிகம் பிடிக்கும் நோய் சிறுநீரகச் செயலிழப்பு. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகும். முதுகெலும்பு கையில் தட்டுப்படும். காலையில் நுரையாக வாந்தி எடுக்கும். வாயில் கெட்ட வாடை வரும். இந்த அறிகுறிகள் கண்ணில் படும்போது சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். இரத்தத்தில் கிரியேட்டினின் கூடுவதோ முக்கால் பங்கு போன பிறகுதான். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு பரிசோதனை இதைவிடச் சற்று முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கிரியேட்டினின் 5 மி.கி.க்கு மேல் போனால் நான்காம் நிலை. அங்கே பேச்சு பெரும்பாலும் மாதக்கணக்கில்தான். இரண்டு, மூன்றாம் நிலைகளில் பிடிபட்ட பூனைகள் ஒழுங்கான பராமரிப்பில் ஓரிரு ஆண்டுகளும் அதற்கு மேலும் நன்றாக வாழ்ந்திருக்கின்றன. ஆகவே ‘கிட்னி போச்சு’ என்று கேட்டதுமே கையை விரித்துவிட வேண்டியதில்லை.

அந்தப் பராமரிப்பில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். பாஸ்பரஸ் குறைந்த உணவு, குமட்டலுக்கு மருந்து, பசி தூண்டும் மருந்து, இவற்றோடு தோலுக்கடியில் ஏற்றும் சலைன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்தினால் சில நிமிடங்களில் ஏறிவிடும். ரிங்கர் லாக்டேட் பாட்டிலைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஒவ்வொரு முறையும் புது ஊசியில் ஏற்ற வேண்டும். எத்தனை மில்லி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதய நோய் உள்ள பூனைக்கு இதே சலைன் மூச்சுத் திணறலைக் கொண்டுவந்துவிடும். பழகிக்கொண்டால் யாராலும் செய்ய முடியும். டாக்டர் சொல்லித்தரத் தயங்கினால், ‘ஒருமுறை என் கையால் போட வைத்துக் காட்டுங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு இரத்த அழுத்தம் ஏறலாம். அதனால் ஒரே இரவில் கண் பார்வை போய்விடவும் கூடும். சுவரில் மோதும் பூனையைப் பார்த்து ‘வயசுல கண்ணு போச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள். உடனே அழுத்தத்தைக் குறைக்க மருந்து கொடுத்தால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்குமே மருந்து உண்டு. இரண்டு நாளுக்கு மேல் எதுவும் தின்னவில்லை என்றால் அது அவசரம். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டான பூனைக்கு, உடலின் கொழுப்பெல்லாம் ஈரலில் சேர்ந்து ஈரலே செயலிழக்கும்.

நோயைவிட எனக்குப் பெரிய கவலை நம் வீட்டு மருந்துப் பெட்டி. காய்ச்சலாக இருக்கிறது, முனகுகிறது என்று பாசத்தோடு பாராசிட்டமால் மாத்திரையை உடைத்து வாயில் போடுகிறார்கள். பூனைக்கு அது விஷம். நம் ஈரல் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் உடலில் மிகக் குறைவு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது, ஈறு பழுப்பு நிறமாகிறது, முகமும் பாதமும் வீங்குகின்றன, மூச்சு வாங்குகிறது. ஒரே ஒரு மாத்திரை உயிரைக் குடிக்கப் போதும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அந்த மணி நேரத்திலேயே ஓடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் கடந்தால் பயன்படாது. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. கால்நடை மருத்துவத்தில் பயன்படும் மெலாக்ஸிகாமையே பூனைக்குத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும், உயிரும் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரிக்கிறது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை மேல் படவே கூடாது. சாப்பிடாத பூனைக்கு ஆசை காட்ட மீன் குழம்பைப் பிசைந்து வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த மீனை முள் நீக்கி, வெதுவெதுப்பாக வையுங்கள். சூட்டில் எழும் வாசனையே பசியைக் கிளப்பும்.

பூனைக்கு வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கத்தாது, அழாது, வலியை மறைப்பது அதன் சுபாவம். ‘உர்ர்’ என்று தொண்டையில் ஓசை எழுப்புவதால் சுகமாக இருக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. வேதனையிலும் அந்த ஓசை வரும். மான்ட்ரியல் பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் 2019-ல் இதற்கென ஒரு முகக்குறி அளவுகோலை வெளியிட்டார்கள். காது விரிந்து பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கு-வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். பத்துக்கு நான்கு வந்தாலே வலிநிவாரணம் தேவை. வலிநிவாரணம் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ‘வயசான பூனைதானே, இதுக்கு என்ன பண்றது’ என்று ஒரு டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போங்கள். பூனைக்கு ஏற்ற வலி மருந்துகள் உண்டு. நோய் தீராத இடத்திலும் வலி குறையும்.

கடைசி முடிவை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு, அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. காலண்டரில் ஒவ்வொரு நாளையும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வாருங்கள். தினமும் கூடவே இருக்கும் கண்ணுக்கு மெல்ல மெல்ல வரும் சரிவு தெரியாது. காலண்டரைப் புரட்டினால் தெரிந்துவிடும். பூனைக்குப் பிடித்தவை எவை என்று மூன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: ஜன்னல் வெயிலில் படுப்பது, மடியில் ஏறுவது, நாக்கால் நக்கி உடம்பைச் சுத்தம் செய்துகொள்வது. மூன்றும் நின்றுபோய், மருந்தும் எடுபடவில்லை என்றால், இனித் தள்ளிப்போடுவது நம் மனசுக்காக மட்டுமே.

பூனையைக் கொன்ற பாவம் சும்மா விடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊசி போடச் சம்மதித்துவிட்டு வருடக்கணக்கில் குமைபவர்களையும், அந்தப் பயத்திலேயே பூனையைக் கடைசி மூச்சுவரை துடிக்கவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூச்சுக்கு ஏங்கும் பூனையை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதை எந்த தர்மக் கணக்கிலும் புண்ணியத்தில் எழுத முடியாது. பணம் ஒரு காரணமாக இருந்தால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘இவ்வளவுதான் என்னால் செலவு செய்ய முடியும், அதற்குள் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி?’ என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைகளிலும், 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கல்லூரி போன்ற பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு.

முடித்துவைக்கும் ஊசி எப்படிப் போடப்படுகிறது என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மயக்கம், நினைவு முழுவதும் தப்பிய பிறகே மயக்க மருந்தை மிகையான அளவில் செலுத்தி இதயத்தை நிறுத்த வேண்டும். பொட்டாசியம் குளோரைடையோ மெக்னீசியம் சல்பேட்டையோ நினைவுள்ள விலங்குக்கு நேரடியாகச் செலுத்துவது கொடூரம். மருத்துவ நெறியும் அதை ஏற்பதில்லை. ‘முதல்ல மயக்க ஊசி போடுவீங்களா, டாக்டர்?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அருகிலேயே இருக்க விரும்பினால் கேளுங்கள். உயிர் போன பின்னும் கண் திறந்தே இருக்கும். ஓரிரு முறை தசை துடிக்கலாம், சிறுநீர் கசியலாம். அது வேதனையல்ல. பூனை கடந்த பத்து நாளுக்குள் யாரையாவது கடித்திருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரேபிஸ் சந்தேகத்தில் கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணிப்பது வழக்கம். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாகப் பிறந்தது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். வளர்ப்பவர் தன் விலங்கின் நலனைக் காக்கவும், தேவையற்ற வலியைத் தடுக்கவும் நியாயமான நடவடிக்கை அனைத்தையும் எடுக்க வேண்டும் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 11-ஆம் பிரிவின்படி குற்றம். சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விடுவது இதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான்; அறுபது ஆண்டுக்கு மேலாகியும் இது மாறாதது நாடாளுமன்றம் வெட்கப்பட வேண்டிய விஷயம். ஆனால் விஷம் வைத்தோ அடித்தோ கொன்றால் கணக்கு வேறு: 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பக்கத்து வீட்டார் உங்கள் பூனைக்கு விஷம் வைத்தாலும் இந்தப் பிரிவில்தான் புகார் கொடுக்க வேண்டும்.

விலங்கை வலியின்றி முடித்துவைப்பது சட்டத்துக்கு அந்நியமான எண்ணமுமல்ல. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று நீதிமன்றம் கருதினால் அந்த விலங்கின் உயிரை முடிக்க உத்தரவிடலாம் என்று 13-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டம் தண்டிப்பது கொடூரமாகக் கொல்வதையே. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவுபெற்ற மருத்துவர்தான் சிகிச்சை தரலாம். பெட் ஷாப்காரரோ, மருந்துக்கடைக்காரரோ, ‘நான் பார்த்துக்கறேன்’ என்று வீட்டுக்கு வரும் உதவியாளரோ முடித்துவைக்கும் ஊசி போட முடியாது. பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

சிகிச்சையில் அலட்சியம் நடந்ததாக நினைத்தால் பில், மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தொழில் ஒழுங்கு மீறல் என்றால் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். காசு கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே மனு கொடுக்கலாம், 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். கோபம் தணியட்டும் என்று இருந்துவிட்டு, ரசீதுகளைத் தொலைத்துவிட்டு வருபவர்களே அதிகம்.

இறந்த பூனையின் உடலை ஏரியிலோ குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள். மயக்க மருந்து தேங்கிய உடலைத் தின்னும் காகமும் பருந்தும் நாயும் செத்துப்போகும். சொந்த இடம் இருந்தால் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தள்ளி, மூன்றடிக்குக் குறையாத ஆழத்தில் புதையுங்கள்; இல்லாவிட்டால் மாநகராட்சியிடமோ டாக்டரிடமோ வழி கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பூனை பத்து வயதைத் தாண்டிவிட்டதா? நன்றாக ஓடியாடும்போதே இந்த மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் பாருங்கள்; பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இரவில் எடுக்கும் டாக்டரின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டி வையுங்கள். எதுவரை சிகிச்சை, யார் முடிவெடுப்பது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பூனை தெம்பாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.