புது டெலி லென்ஸ்ல படம் மங்குதா? லென்ஸைத் திட்டாதீங்க!

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி, ஆளு மட்டும் வேற வேற. "அண்ணே, புதுசா 70-300 வாங்கியிருக்கேன். கிட்ட இருக்கிறத எடுத்தா பளிச்சுன்னு வருது. தூரத்துல இருக்கிறத 300-ல எடுத்தா மொழுமொழுன்னு இருக்கு. லென்ஸ்ல கோளாறா? திருப்பி அனுப்பிடவா?" கூடவே ஒரு கோயில் போட்டோ. போட்டோவோட விவரத்தைத் திறந்து பார்த்தா எடுத்த நேரம் பகல் பதினொண்ணே முக்கால். இடம் நார்த்தாமலை. மாசம் சித்திரை.

தம்பி, உன் லென்ஸ் பத்தரை மாத்துத் தங்கம். உனக்கும் அந்தக் கோயிலுக்கும் நடுவுல இருக்கிற காத்துதான் உன் படத்தைக் கெடுத்திருக்கு.

அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதுக்குள்ள நான் போகல. காத்துக்கு வாங்க. நார்த்தாமலை மேலமலைன்னா மண்ணே கிடையாது, மொட்டைப் பாறை. வெயில் ஏற ஏற பாறை சுடும், பாறையை ஒட்டின காத்து சுட்டு மேல கிளம்பும், மேல இருக்கிற குளிர்ந்த காத்து கீழ இறங்கும். சூடான காத்து ஒளியை ஒரு மாதிரி வளைக்கும், குளிர்ந்தது வேற மாதிரி வளைக்கும். ரெண்டும் கலந்து கொதிச்சுக்கிட்டே இருக்கிற ஒரு திரை வழியாத்தான் நீங்க கோயிலைப் பார்க்கறீங்க. அடுப்புல காயற தோசைக்கல்லுக்கு மேல எதிர்ச்சுவரு நெளியும் பாருங்க, அதே சங்கதிதான். வெறும் கண்ணுக்கு அது பெருசா தெரியாது. டெலி லென்ஸ் கோயிலைப் பெருசாக்கும்போது அந்த நெளிவையும் சேர்த்தே பெருசாக்கும். ரெண்டுல எது வேணும்னு அதுக்குத் தெரியாதுல்ல?

ஷட்டரை 1/4000 வச்சாலும் போகாது. முக்காலி போட்டாலும் போகாது. ரெண்டு லட்ச ரூவா லென்ஸ் வாங்கினாலும் போகாது, நெளிவு இன்னும் தெளிவா தெரியும், அவ்வளவுதான்! அடுத்தடுத்து பத்து படம் தட்டிப் பாருங்க. ஒண்ணுல கோபுர விளிம்பு இடது பக்கம் நெளியும், அடுத்ததுல வலது பக்கம். எல்லாம் ஒரே அளவுல மங்கினா ஃபோகஸை சந்தேகப்படலாம். படத்துக்குப் படம் மாறினா காத்துதான்.

"அப்ப சாயங்காலம் போகலாமா?"ன்னு கேப்பீங்க. இங்கதான் நம்ம ஊரு ஒரு வேலை பண்ணும். மேலமலையில இருக்கிற விஜயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்த கோயில். ஒன்பதாம் நூற்றாண்டு, உள்ள வட்டமான கருவறை, சுத்தி சதுரமான சுவரு. ராஜராஜன் பெரிய கோயில் கட்டறதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முந்தினது, இன்னும் ஸ்கூல் பிள்ளைங்கள எல்லாம் தஞ்சாவூருக்கே கூட்டிட்டுப் போறாங்க, சரி விடுங்க. மேற்கு பார்த்த கோயில்ங்கறதால முகத்துல வெளிச்சம் விழறது சாயங்காலம்தான். ஆனா பகல் பூரா குடிச்ச சூட்டைப் பாறை கக்கறதும் அப்பதான். அதனால சாயங்காலம் போனா டெலியைப் பைக்குள்ள வச்சுட்டு, சாதா லென்ஸை மாட்டிக்கிட்டு கிட்டப் போயிடுங்க. டெலிதான் மாட்டுவேன்னா விடியக்காலம் வாங்க, இல்ல ஐப்பசி மழை பெஞ்ச மறுநாள் வாங்க. பாறை குளுந்திருக்கும், தூசி அடங்கியிருக்கும், அன்னிக்கு உங்க லென்ஸ் என்னான்னு உங்களுக்கே தெரியும்.

அங்க பக்கத்துலயே ஒரு மலைக்கு ஆளுருட்டிமலைன்னு பேரு. வியூஃபைண்டர்ல கண்ணை வச்சுக்கிட்டே பின்னால நடக்கறவங்க அந்தப் பேரை ஒரு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க.

சரி, இப்ப மயில். டெலி வாங்கின முக்காவாசிப் பேரு ஞாயித்துக்கிழமை கிளம்பறது விராலிமலைக்குத்தான். நல்ல இடம், மலையைச் சுத்தி மயில் இருக்கு. விராலிமலைன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். அங்க முருகனுக்குச் சுருட்டுப் படைப்பாங்க, தெரியுமா? பஞ்சாமிர்தம், பொங்கல் எல்லாம் உண்டு, கூடவே சுருட்டு. கருப்பமுத்துப் பிள்ளைன்னு ஒரு பக்தர் மழையிலயும் வெள்ளத்துலயும் மாட்டிக்கிட்டு, குளுருல ஒரு சுருட்டு கிடைக்காதான்னு தவிச்சாராம். யாரோ ஒருத்தர் வந்து சுருட்டும் குடுத்து நெருப்பும் குடுத்தாராம். வந்தது முருகன்னு கதை. சமஸ்தான காலத்துல ராஜா இது என்ன வழக்கம்னு நிறுத்தப் பார்த்து, அப்புறம் கனவுல முருகன் வந்து சொன்னதும் திரும்பப் படைக்கச் சொல்லிட்டாருன்னு மீதிக் கதை. அந்தக் கோயில்ல சின்ன வயசுல இருந்து சதிர் ஆடின முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இப்படி ஒரு ஊருக்குப் போயிட்டு மயிலை மட்டும் எடுத்துட்டு வர்றவங்க மேல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மயிலுக்கு வர்றேன். நம்மாளு என்ன பண்ணுவாரு, ரோட்டோரம் ஏசி காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வயலுக்கு அந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளி நிக்கிற மயிலை 300-ல இழுப்பாரு. கணக்குப் போடுங்க. ஏபிஎஸ்-சி சென்சார்ல 300 எம்எம் வச்சா, நூறு மீட்டர் தூரத்துல ஃப்ரேமோட அகலம் கிட்டத்தட்ட 8 மீட்டர். அதுக்குள்ள மயிலு ஒரு ஓரமா நிக்கும். அதை வெட்டி வெட்டிப் பெருசாக்குவாரு. மங்கலாத்தான் வரும்! அதுவும் எந்தக் காத்து வழியா? முதல்ல கார்ல இருந்து கொட்டற ஏசிக் காத்து, வெளிய வெக்கைக் காத்து, அதுக்கப்புறம் தார் ரோட்டு மேல கொதிக்கிற காத்து. மூணு திரை. பேசாம காரை விட்டு இறங்கி நிழல்ல நில்லுங்க.

அதே லென்ஸை வச்சுக்கிட்டு ஒரு கிரிக்கெட் பிட்ச் தூரத்துல நின்னீங்கன்னா ஃப்ரேம் அகலம் ஒன்றரை மீட்டர்தான். தோகை வளர்ந்த ஆண் மயில் மூக்குல இருந்து தோகை நுனி வரைக்கும் ரெண்டு மீட்டர் வரும். அதாவது அவ்வளவு கிட்டப் போனா மயிலே ஃப்ரேமுக்குள்ள அடங்காது. ஜூமைக் குறைச்சாகணும்! 300 பத்தல, 600 வாங்கணும்னு சொல்றவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்வேன். பத்தாம இருக்கிறது எம்எம் கிடையாது, நடுவுல காத்து ஜாஸ்தி.

கிட்டப் போறதுன்னா, நம்ம தமிழ்லயும் எழுதின மா. கிருஷ்ணனைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அ. மாதவையாவோட மகன். 1950-ல இருந்து 1996-ல சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பேப்பர்ல இயற்கையைப் பத்தித் தொடர் எழுதினவரு. அவரு கேமரா எந்தக் கடையிலயும் கிடைக்காது. ஒரு கம்பெனி உடம்பு, வேற கம்பெனி டெலி லென்ஸ், ஒட்டுப்போட்டு அவரே சேர்த்தது. அதுக்கு சூப்பர் பாண்டெரோசான்னு பேரு வேற வச்சிருந்தாரு. அதைத் தூக்கிக்கிட்டு காடு காடா நடந்து கறுப்பு வெள்ளையில யானை எடுத்தாரு. ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஸ்டெபிலைசர் கிடையாது. நடை இருந்துச்சு. நம்மகிட்ட மத்ததெல்லாம் இருக்கு.

ஆனா கிட்டப் போறேன்னு மயிலைத் துரத்தாதீங்க. 1963-ல இருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. அரிசி போட்டுக் கூப்பிடறது, போன்ல அகவல் சத்தம் போடறது, இதெல்லாம் வேண்டாம். வெயில் ஏறறதுக்கு முன்னாடி போய் வரப்போரம் ஒரு மரத்தடியில உக்காந்துடுங்க, அதுவா மேஞ்சுக்கிட்டு வரும். வயக்காரர்கிட்ட கேட்டுட்டு உக்காருங்க. கடலை போட்டிருக்கிற மனுஷன்கிட்ட மயில் அழகுன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, அவருக்கு அதுகிட்ட தனிக் கணக்கு இருக்கு.

ஐயோ, நேரம் ஓடிப்போச்சு, எடிட்டர் முறைக்கிறாரு. முக்கியமானதை வேகமா சொல்லிடறேன், வேணும்னா வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க.

லென்ஸ் நல்லதா கெட்டதான்னு பார்க்க மலைக்குப் போக வேணாம். வீட்டுக்குள்ள, காலையில, சுவத்துல ஒரு தினத்தந்தி பேப்பரை ஒட்டுங்க. பத்து பன்னெண்டு அடி தள்ளி முக்காலி. ஸ்டெபிலைசர் ஆஃப். ஜூம் 300. லைவ் வியூவுல ஃபோகஸ், 2 செகண்ட் டைமர். ஒண்ணு முழுசாத் திறந்து, ஒண்ணு எஃப் 8-ல. பெருசாக்கிப் பாருங்க. பொடி எழுத்து நறுக்குன்னு இருந்தா லென்ஸ் நல்ல லென்ஸ். ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல்னா பேப்பர் கோணலா இருக்கான்னு சரிபார்த்து மறுபடி எடுங்க. அப்பவும் அப்படியேன்னா கடைக்குப் போங்க, திருப்பி எடுக்கிற தேதி முடியறதுக்குள்ள.

லைவ் வியூவுல தெளிவு, வியூஃபைண்டர்ல எடுத்தா மங்கல்னா அது டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் அட்ஜஸ்ட்மென்ட் விஷயம், லென்ஸ் உடையல.

முன்னால மாட்டின மலிவு யுவி ஃபில்டரைக் கழட்டிடுங்க. ஹுட் மாட்டுங்க. கையில பிடிச்சு எடுத்தா 1/500-க்குக் கீழ இறங்காதீங்க. நடக்கிற மயிலுக்கு 1/1000, பறக்கிறதுக்கு 1/2000. ஐஎஸ்ஓ ஆட்டோல விடுங்க, குருணை வந்தா வரட்டும். ஃபோகஸ் கன்டினியூவஸ், கேனான்காரங்களுக்கு சர்வோ, ஒத்தைப் புள்ளி, கண்ணு மேல. இடது கை லென்ஸுக்கு அடியில, முழங்கை விலாவோட ஒட்டி.

மலைச் சிற்பம் பழகணும்னா குடுமியான்மலை போங்க. அங்க இருக்கிற இசைக் கல்வெட்டைப் பார்த்ததோட திரும்பிடாதீங்க, பாறை உச்சியில 63 நாயன்மாரையும் வரிசையா செதுக்கியிருக்காங்க, நடுவுல ரிஷபத்து மேல சிவனும் பார்வதியும். டெலிக்குன்னே வச்ச மாதிரி இருக்கும். காலையில போங்க, காத்து ஞாபகம் இருக்குல்ல!

ஜல்லிக்கட்டு கேட்டவங்களுக்கு: ஜனவரியில தச்சங்குறிச்சியில ஆரம்பிக்கும். கேலரியில இடம் பிடிச்சதும் முதல் மாடு வர்றதுக்கு முன்னாடியே வாடிவாசல் கம்பு மேல ஃபோகஸை வச்சுப் பூட்டிடுங்க. 1/1600. ஜூம் 200-ஐத் தாண்ட வேணாம், மாடு எந்தப் பக்கம் திரும்பும்னு மாட்டுக்காரருக்கே தெரியாது. மெமரி கார்டு ரெண்டு எடுத்துட்டுப் போங்க.