கண்ணுக்குத் தெரியாத இரச ஆவி

சவர்க்காரம் செய்ய எரிசோடா வேண்டும். குடிநீரில் உள்ள கிருமிகளை அழிக்கக் குளோரீன் வேண்டும். உப்புக் கரைசலினூடாக மின்னைச் செலுத்தி இவ்விரண்டையும் ஒரே தொழிற்சாலையில் பெறலாம். இதற்கான பழைய முறைகளுள் ஒன்றில் பாதரசம் பயன்படுகிறது.

இம்முறையில் நீண்ட தொட்டியின் அடியில் பாதரசம் மெல்லிய படையாக ஓடும். அதன்மேல் உப்புக் கரைசல் ஓடும். மின் பாயும்போது குளோரீன் வாயு மேலெழ, சோடியம் பாதரசத்தில் கரைகிறது. இக்கலவை வேறொரு கலத்தில் நீருடன் சேரும்போது எரிசோடாவும் ஐதரசன் வாயுவும் கிடைக்கின்றன. பாதரசம் மீண்டும் தொட்டிக்குத் திரும்புகிறது.

ஆனால் முழுவதும் திரும்புவதில்லை. தொட்டிகள் சூடானவை. ஆகவே பாதரசத்தின் ஒரு பகுதி ஆவியாகி, ஐதரசனுடனும் காற்றோட்டக் குழாய்கள் வழியாகவும் வெளியேறுகிறது. மூடிகளைத் திறக்கும்போதும் கசிவுகளின்போதும் எழும் ஆவி கட்டடத்தின் கூரைத் திறப்புகளால் வெளியே போகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இந்த ஆவி பல மாதங்கள் காற்றில் தங்கி நெடுந்தூரம் செல்லவல்லது. பின்னர் மழையுடன் நிலத்திலும் நீரிலும் சேர்கிறது. நீரடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் செல்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளையையே அது அதிகம் தாக்குகிறது.

இதனைக் கட்டுப்படுத்த ஐக்கிய அமெரிக்கா 1973இல் விதி செய்தது. ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு 2,300 கிராமுக்கு மேல் பாதரசத்தைக் காற்றில் விடலாகாது என அவ்விதி கூறியது. குழாயில் வரும் ஆவியை அளக்கலாம். கூரையால் போவதை அளப்பது கடினம். எனவே, குறித்த பராமரிப்பு முறைகளைக் கைக்கொள்ளும் தொழிற்சாலையின் கட்டடத்திலிருந்து 1,300 கிராம் வெளியேறுவதாகக் கொள்ள விதி இடமளித்தது. அளக்காமலே ஒரு கணக்கு எழுதப்பட்டது.

2003இல் புதிய விதி வந்தபோது இதன் விளைவு தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் இத்தொழிற்சாலைகள் பயன்படுத்திய பாதரசத்தில் ஏறக்குறைய 65 தொன்னுக்குக் கணக்கில்லை என அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமே ஒப்புக்கொண்டது. அது குழாய்களுள் தங்கியதா, காற்றில் கலந்ததா என்பதை உறுதியாகக் கூற முடியவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. மென்சவ்வு முறைக்குப் பாதரசமே வேண்டாம்; மின்சாரமும் குறைவாகவே செலவாகும். யப்பான் 1980களில் பாதரச முறையைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 டிசெம்பரை இறுதி நாளாக விதித்தது. 2013இல் கைச்சாத்திடப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, கால நீடிப்புக் கோரும் நாடுகள் தவிர ஏனையவற்றுக்கு 2025ஐ எல்லையாக்கியது. இலங்கையும் 2017இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றுறுதி செய்தது.

ஒரு சூழல் விதியை மதிப்பிடும்போது அதிலுள்ள எண்ணை மாத்திரம் பார்த்தல் போதாது. அந்த எண்ணை யார், எங்கே, எதனைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும்.