கணக்கில் வராத ஃபுல்பேக்

அமெரிக்கன் ஃபுட்பாலில் லொரென்சோ நீல் என்ற பெயரை எடுத்தால், ரசிகர்கள் உடனே ஒரு சாதனையைச் சொல்வார்கள். 1997 முதல் 2007 வரை 11 பருவங்கள் தொடர்ச்சியாக, அவர் எந்த அணியில் இருந்தாலும் அந்த அணியின் ஓட்டக்காரர் 1,000 கஜத்தைத் தாண்டியிருக்கிறார். ஜெட்ஸில் ஏட்ரியன் மரெல், டாம்பா பேயில் வாரிக் டன், டென்னஸியில் எடி ஜார்ஜ், சின்சினாட்டியில் கோரி டில்லன், கடைசியாக சான் டியாகோவில் லடேனியன் டாம்லின்சன். 2006இல் டாம்லின்சன் 1,815 கஜம் ஓடியதோடு, 31 முறை பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து, ஒரு பருவத்துக்கான டச்டவுன் சாதனையும் படைத்தார். அவருக்கு வழி திறந்துவிட்ட நீல், தொழில்முறை ஆட்டத்தில் 16 பருவங்கள் ஆடியும், பந்தை ஏந்தி ஓடியது எல்லாவற்றையும் கூட்டினால் 1,000 கஜம் தேறாது. ஓடுவதற்கு அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. முன்னால் போய் மோதுவதற்குத்தான் வைத்தார்கள். அந்த வேலைக்குப் பெயர் ஃபுல்பேக். இன்று தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் பலவற்றில் அப்படி ஒரு ஆளே இல்லை. அந்த மோதலுக்கு என்ன மதிப்பு என்பதைக் கணக்கிடுவதில் ரசிகர்களும் சரி, அணி நிர்வாகங்களும் சரி, தவறான ஏட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணி நான்கு வாய்ப்புகளுக்குள் பந்தை 10 கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மறுபடி நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். குவாட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுத்து ஓடவிடலாம். நமக்குப் பழக்கமான கால்பந்தில் பந்தில்லாத ஆளை மறித்து மோதினால் ஃபவுல். இங்கே பாதி ஆட்டமே அதுதான். பந்துக்காரரைப் பிடிக்க வருகிறவர்களை அவருடைய சகாக்கள் மோதலாம், தள்ளலாம். பிடித்து இழுக்கத்தான் கூடாது. இதை பிளாக் என்பார்கள். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் கேட்ச் பிடித்தவர் பெயர்கூட ஏறிவிடும். பிளாக் செய்தவருக்கு அதிகாரபூர்வ ஏட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஃபுல்பேக் நிற்கும் இடமே அவருடைய வேலையைச் சொல்லிவிடும். முன்வரிசையில் ஐந்து பேர், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 140 கிலோ. அவர்களுக்குப் பின்னால் குவாட்டர்பேக், அவருக்குச் சில கஜம் பின்னால் ஃபுல்பேக், கடைசியில் பந்து வாங்கப்போகும் ரன்னிங் பேக், மூவரும் ஒரே கோட்டில். பந்து நகர்ந்ததும் முன்வரிசையினர் ஆளுக்கு ஒருவரை எதிர்கொள்கிறார்கள். ஆனால் எதிரணியின் நடுப்பகுதியில் நிற்கும் ஒரு லைன்பேக்கரை மட்டும் வேண்டுமென்றே யாரும் தொடாமல் விடுவார்கள். அவர் ஃபுல்பேக்குக்கு உரியவர். 110 கிலோவைத் தாண்டிய ஒருவர் நான்கைந்து கஜம் வேகமெடுத்து இடைவெளிக்குள் புகுகிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே எடையுள்ள இன்னொருவர் அதே வேகத்தில் வருகிறார். வெறுமனே மோதினால் போதாது. எந்தத் தோளில் மோதுவது, அவரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அந்த ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். பின்னால் வரும் ஓட்டக்காரர் ஃபுல்பேக்கின் தலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதை வைத்தே தன் வழியைத் தேர்ந்துகொள்வார். லைன்பேக்கர் கீழே விழவேண்டிய அவசியமில்லை. அரை அடி விலகினாலே வழி பிறந்துவிடும்.

இனி அந்த 11 பருவச் சாதனையைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு பார்க்கலாம். நீல் வந்து சேர்வதற்கு முந்தைய ஆண்டிலேயே மரெல் 1,249 கஜம் ஓடியிருந்தார். எடி ஜார்ஜ் 1,294, டில்லன் 1,435, டாம்லின்சன் 1,683. ஐவரில் நால்வர் அவர் துணையின்றியே ஆயிரத்தைக் கடந்தவர்கள். மிச்சமிருக்கும் வாரிக் டன்னும் முந்தைய ஆண்டு 978 கஜம் ஓடியவர்தான். டல்லஸ் அணியின் கதையும் இதே. எம்மிட் ஸ்மித் வாழ்நாளில் ஓடிய 18,355 கஜம் இன்றும் உச்ச சாதனை. அவருக்கு முன்னால் மோதியவர் டாரில் ஜான்ஸ்டன். 2010இல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ஸ்மித் ஜான்ஸ்டனைப் பெயர் சொல்லி அழைத்துக் கண்ணீரோடு நன்றி சொன்னார். ஆனால் ஜான்ஸ்டன் 1999 பருவத்தோடு விலகிய பிறகும் ஸ்மித் அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆயிரத்தைத் தாண்டவே செய்தார். ஆக, ஃபுல்பேக் இருந்தால் இத்தனை கஜம் கூடும், இல்லாவிட்டால் இத்தனை குறையும் என்று வாதாடுகிறவர்கள் தோற்றுத்தான் போவார்கள். நீலின் சாதனை வேறொன்றைக் காட்டுகிறது: ஏற்கெனவே ஓடத் தெரிந்த ஓட்டக்காரரை வைத்திருந்த ஐந்து அணிகள், அதற்கு மேலும் ஒரு ஃபுல்பேக்கைத் தேடிப் பிடித்தன. ஏன்?

விடை எதிரணியின் எண்ணிக்கையில் இருக்கிறது. முன்வரிசை ஐவருக்கு இடையில் நான்கு இடைவெளிகள், இரு ஓரங்களில் இரண்டு, மொத்தம் ஆறு. மோதவும் பந்து பிடிக்கவும் செய்கிற டைட் எண்ட் ஒருவர் ஓரத்தில் சேர்ந்தால் ஏழு. தடுப்பு அணி முன்னால் ஏழு பேரை நிறுத்தி, ஓர் இடைவெளிக்கு ஓர் ஆள் என்று அடைத்துவிடும். இந்தக் கணக்கைக் குலைப்பவர் ஃபுல்பேக். அவர் பின்னால் நிற்பதால், இடப்பக்கம் போவாரா வலப்பக்கம் போவாரா என்பது பந்து நகரும்வரை தெரியாது. போகிற பக்கத்தில் புதிதாக ஓர் இடைவெளியை உண்டாக்கிவிடுவார். அதை அடைக்கத் தடுப்பு அணி எட்டாவது ஆளை இறக்க வேண்டும். அந்த எட்டாவது ஆள் வழக்கமாகப் பின்களத்தைக் காக்கும் சேஃப்டி. அவர் முன்னேறினால் பின்னால் வெற்றிடம். அந்த நேரத்தில் குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டி நீளமாக எறிந்தால் தடுக்க ஆளிருக்காது. அந்த எறிதலின் கஜமெல்லாம் குவாட்டர்பேக் பெயரிலும் பந்தைப் பிடித்த ரிசீவர் பெயரிலும் ஏறும். ஃபுல்பேக் அப்போது யாரையும் மோதாமலேகூட இருந்திருக்கலாம். ஓட்டக் கணக்கில் அவருடைய பங்கைத் தேடுகிறவர்கள் தவறான பக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் அவர் ஏன் மறைந்தார்? எறிதல் ஓட்டத்தைவிட லாபகரமானது என்பதால். இந்த வாதம் வலுவானது, மறுப்பதற்கில்லை. 1978இல் வந்த விதி மாற்றங்கள், ரிசீவர்களை ஐந்து கஜத்துக்கு அப்பால் இடித்துத் தடுப்பதற்குத் தடை போட்டன. பிளாக் செய்யும்போது கைகளை விரித்துப் பயன்படுத்த முன்வரிசையினரை அனுமதித்தன. பின்னர் 2004இல் அந்த விதிகளைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினார்கள். மூன்றாவதாக ஒரு ரிசீவரை இறக்குவதே ஆதாயம் என்று அணிகள் கண்டுகொண்டன. களத்தில் 11 பேர்தானே. ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும். போனவர் ஃபுல்பேக். ஆனால் தடுப்பு அணிகளும் சும்மா இருக்கவில்லை. மூன்று ரிசீவர்களைத் துரத்த, கனத்த லைன்பேக்கரை வெளியே எடுத்து, இலகுவான ஐந்தாவது பின்களக்காரரை உள்ளே கொண்டுவந்தார்கள். ஒருகாலத்தில் அவசரத்துக்கு மட்டும் இறக்கிய இந்த அமைப்பு இன்று பெரும்பாலான நேரம் களத்தில் நிற்கிறது. எதிரே உடல்கள் சிறுத்துவிட்டன. கனத்த ஓர் ஆளை மறுபடி கொண்டுவந்தால் கிடைக்கும் ஆதாயம், அவர் எல்லா அணிகளிலும் இருந்த காலத்தைவிடக் கூடியிருக்கிறது.

இதற்கு 2019 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த லீக்கின் இறுதியாட்டமான 53ஆவது சூப்பர் பௌலைவிட நல்ல சாட்சி இல்லை. கடைசிக் காற்பகுதியில் பேட்ரியட்ஸும் ராம்ஸும் 3-3 என்று முட்டிக்கொண்டு நின்றார்கள். பேட்ரியட்ஸ் ஃபுல்பேக் ஜேம்ஸ் டெவ்லினையும் இரண்டு டைட் எண்டுகளையும் சேர்த்து இறக்கியது. ஓடப்போகிறார்கள் என்று நினைத்த ராம்ஸ் தன் கனத்த ஆட்களைக் களத்தில் வைத்தது. பேட்ரியட்ஸ் அந்தக் கனத்த கூட்டத்தை அகலமாகப் பரப்பி நிறுத்தி எறியத் தொடங்கியது. திறந்தவெளியில் ஓடிப் பழகாத லைன்பேக்கர்கள் ஆளைத் துரத்த வேண்டியதாயிற்று. ஒரே ஆட்டத்திட்டத்தை அடுத்தடுத்து மூன்று முறை அழைத்தார்கள், மூன்றும் பலித்தன. ஐந்து முயற்சிகளில் 69 கஜம், முடிவில் சோனி மிஷெலின் இரண்டு கஜ ஓட்டம், அந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுன். 13-3 என்று கோப்பை கைக்கு வந்தது. ஏட்டைப் புரட்டினால் பிரேடி, கிரான்கௌஸ்கி, எடெல்மன், பெர்க்ஹெட், மிஷெல் என்ற பெயர்கள் இருக்கும். ராம்ஸைக் கனத்த ஆட்களோடு கட்டிப்போட்டதில் டெவ்லினின் பங்கு எதிலும் பதிவாகவில்லை.

கனம்தான் வேண்டுமென்றால் இரண்டாவது டைட் எண்டோ, ஆறாவது முன்வரிசை ஆளோ போதாதா என்று கேட்கலாம். பல அணிகள் அப்படித்தான் சமாளிக்கின்றன. ஆனால் வரிசையில் நிற்கிறவர் எந்தப் பக்கம் கனம் என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறார். மோதுவதற்கு முன் வேகமெடுக்க அவருக்கு இடமும் இல்லை. ஆறாவது முன்வரிசை ஆள் உள்ளே வந்தால், தானும் பந்து பிடிக்கலாம் என்று நடுவரிடம் சொல்லிக்கொண்டு வந்தால்கூட, அவருக்கு யாரும் பந்தை எறியப்போவதில்லை என்று எதிரணி கணித்துவிடும். கைல் யூஸ்செக் என்ற ஃபுல்பேக் விஷயத்தில் அப்படிக் கணிக்க முடியாது. 2017இல் சான் பிரான்சிஸ்கோ அணி அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 2.1 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டபோது, அழிந்துவரும் இனத்துக்கு இவ்வளவு சம்பளமா என்று சிரித்தவர்கள் உண்டு. பயிற்சியாளர் கைல் ஷானஹன் அவரை ஒருமுறை பின்னால், ஒருமுறை ஓரத்தில், ஒருமுறை நகர்ந்துகொண்டே என்று எங்கும் நிறுத்தினார். 54ஆவது சூப்பர் பௌலில் டச்டவுன் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆட்டத்தில் அணி தோற்றது. நான்கு ஆண்டு கழித்து அதே எதிரணியிடம் இன்னொரு சூப்பர் பௌலிலும் தோற்றது. ஃபுல்பேக் கோப்பையை உறுதிசெய்யும் தாயத்து அல்ல. 2019இல் பால்டிமோர் 3,296 கஜம் ஓடி லீக் சாதனை படைத்ததற்கு குவாட்டர்பேக் லமார் ஜாக்சனின் கால்களே முதல் காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அணி, 135 கிலோவுக்கும் மேற்பட்ட பேட்ரிக் ரிக்கார்டைப் பின்களத்தில் நிறுத்தி எதிரணிகளின் எண்ணிக்கையைக் குழப்பிக்கொண்டிருந்ததும் உண்மை.

எனக்கே எளிதில் பதில் சொல்ல முடியாத மறுப்பு ஒன்றுண்டு: உடல். ஜான்ஸ்டன் கழுத்துக் காயத்தோடுதான் ஆட்டத்தைவிட்டுப் போனார். சியாட்டிலில் ஷான் அலெக்ஸாண்டருக்கு முன்னால் மோதிய மேக் ஸ்ட்ராங்குக்கு 2007இல் அதே கதி. டெவ்லின், அந்த சூப்பர் பௌலுக்கு அடுத்த பருவத்தில் இரண்டே ஆட்டங்கள் ஆடி, கழுத்துக் காயத்தால் ஓய்வு பெற்றார். தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதுவதை 2018 முதல் விதி தண்டிக்கிறது. இன்றைய ஃபுல்பேக் நேருக்கு நேர் மோதுவதைவிடப் பக்கவாட்டில் வந்து வழிமறிப்பதும், பந்து பிடிப்பதும் அதிகம். சேதம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் பெயரும் பதியாமல், சக ஓட்டக்காரரின் சம்பளத்தில் ஒரு பங்கும் பெறாமல் கழுத்தைக் கொடுக்கும் வேலை என்பதால் அது ஒழிந்தால் நல்லதுதானே என்று ஒருவர் சொன்னால், அவர் வாயை அடைக்க இந்த வாதம் போதாது. அதன் பயன் குறைந்துவிட்டது என்று சொன்னால்தான் மறுப்பேன்.

ஃபுல்பேக் வேண்டும் என்று நாளைக்கே தீர்மானிக்கும் அணிக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. கல்லூரி அணிகள் பெரும்பாலும் பரவி நின்று எறியும் ஆட்டத்துக்கு மாறிவிட்டதால், அங்கே இந்த வேலையைக் கற்றுத் தேறி வருபவர்கள் அரிது. ரிக்கார்ட் மெய்ன் பல்கலைக்கழகத்தில் தடுப்பு வரிசையில் ஆடியவர். வீரர் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. டெவ்லின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டே தடுப்பு அணியின் ஓரத்தில் ஆடியவர். யூஸ்செக் ஹார்வர்டு மாணவர். ஒவ்வொருவரையும் வேறொரு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, சில ஆண்டுகள் பொறுத்து உருவாக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளுக்குள் தடுப்பு அணிகள் மறுபடி கனத்த லைன்பேக்கர்களைச் சேர்த்துக்கொண்டால், இப்போது அவருக்கு இருக்கும் ஆதாயம் கரைந்துவிடும். மூன்றாவது ரிசீவருக்கே மீண்டும் மவுசு கூடும்.