இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பெரும்பாடு!

மத்தியதரைக் கடலில் உள்ள சார்டினியா, இத்தாலி நாட்டைச் சேர்ந்த தீவு. அதன் கிழக்குக் கரையில் "காலா கோலோரிட்சே" என்ற சின்னஞ்சிறு கடற்கரை இருக்கிறது.

1962-ம் ஆண்டு மலை சரிந்து, உருண்டு விழுந்த கற்களால் உண்டான கரை இது. வெள்ளை வெளேரென்ற கூழாங்கற்கள். பக்கத்தில் 143 மீட்டர் உயரத்தில் ஊசி போல ஒரு பாறை!

இங்கே மோட்டார் வண்டி வராது. படகு கரைக்கு வரவும் தடை. கோல்கோ என்ற மேட்டு நிலத்தில் இருந்து சுமார் 3½ கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலடியில் கற்கள் உருளும், செருப்பு உதவாது. வழியில் குடிதண்ணீரும் கிடையாது.

கடலைக் கண்டதும் களைப்பு பறந்துவிடும். ஆனால், கொண்டுபோன தண்ணீரை அங்கேயே குடித்துத் தீர்த்துவிடக் கூடாது. சுமார் 470 மீட்டர் உயரம், வெயிலில், மறுபடி ஏற வேண்டுமே!

நினைவுக்காக ஒரு கூழாங்கல்லைப் பையில் போடுகிறீர்களா? ஜாக்கிரதை! 2017-ம் ஆண்டுச் சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம்.