தோட்டத்தில் காணும் புதுப் புழுவை இனம் காண்பது எப்படி?

தோட்டத்தில் இதுவரை காணாத புழு ஒன்று கண்ணில் பட்டால், உடனே மருந்துக் கடைக்குச் செல்லும் பழக்கம் நம்மிடம் உள்ளது. புழு எது என்று தெரியாமல் மருந்து அடித்தால் பணம் வீணாவதோடு, நன்மை செய்யும் பூச்சிகளும் மடிந்து போகும். பார்க்க வேண்டியதைப் பார்த்தால், பெரும்பாலான புழுக்களை விவசாயிகளே வயலில் இனம் கண்டு கொள்ளலாம்.

முதலில் கால்களை எண்ண வேண்டும். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மைக் கால்கள் இருக்கும். அதற்குப் பின், வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றுள்ள பொய்க்கால்கள் இருக்கும். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றின் புழுக்களுக்குப் பொய்க்கால்கள் ஐந்து ஜோடிக்கு மேல் இருப்பதில்லை. காவடிப்புழுக்களுக்கு இவை குறைவு. அதனால்தான் அவை முதுகை வளைத்து நடக்கின்றன. முள்ளங்கி, கடுகுச் செடிகளில் காணும் கரும்பச்சை நிறப் புழுவுக்குப் பொய்க்கால்கள் எட்டு ஜோடி இருந்தால், அது ரம்ப ஈயின் புழு. தொட்டால் சுருண்டு கீழே விழும். பெயர் ஈ என்றாலும் இது குளவி இனத்தைச் சேர்ந்தது. காய்ப்புழுக்களுக்கு அடிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்து இதனிடம் பலிக்காது. கால்களை எண்ணாமல் அடித்தால் செலவுதான் மிச்சம்.

அடுத்து, எந்தச் செடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் போலத் தெரிவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தபின் பச்சையாகி விடும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும். நாற்றுகளில் மட்டும் கையால் பொறுக்கினால் போதும். பெரிய மரம் தாங்கிக் கொள்ளும்.

எள்ளில் விரல் பருமனுக்குப் பச்சை உடலும், சாய்வான மஞ்சள் கோடுகளும், வால் முனையில் வளைந்த கொம்பும் கொண்ட புழு இருந்தால் அது கொம்புப்புழு. கொம்பு கொட்டும் என்ற அச்சம் வேண்டாம்; அதில் விஷம் இல்லை. இதன் அந்துப்பூச்சியின் முதுகில் மண்டை ஓடு போன்ற குறி உண்டு. தேன் கூட்டினுள் புகுந்து தேன் குடிக்கவும் செய்யும். புழு மண்ணுக்குள் கூண்டுப்புழுவாகும் என்பதால், அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் அவை மேலே வந்து பறவைகளுக்கு இரையாகும்.

முருங்கை அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்புழுவை மட்டும் வெறுங்கையால் தொடக் கூடாது. ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பகலில் ஓரிடத்தில் கூடியிருக்கும்போதே அழிப்பது எளிது.

மக்காச்சோளத்தில் அதிகக் கவனம் தேவை. அமெரிக்கப் படைப்புழு 2018-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் பெருஞ்சேதம் விளைவித்தது. பலர் அதைப் பழைய தண்டுத் துளைப்பான் என்றே எண்ணினர். படைப்புழுவின் தலையில், கவட்டைக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தது போல வெளிறிய கோடு தெரியும். இக்கோடு வேறு சில புழுக்களிலும் மங்கலாகத் தெரிவதால் இதை மட்டும் நம்பக் கூடாது. வால் முனைக்குச் சற்று முன்னே நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் படைப்புழுவே. குருத்துக்குள் மரத்தூள் போன்ற கழிவு குவிந்திருப்பதும் அடையாளம். புழு சிறிதாக இருக்கும்போதே 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைக் குருத்தில் படும்படி அடிப்பது நல்லது. வளர்ந்த புழு குருத்தின் ஆழத்தில் பதுங்கி விடுவதால் மருந்து எட்டாது.

முதுகில் அரிசி மணி போன்ற வெண்ணிறக் கூடுகளைச் சுமந்திருக்கும் புழுவைக் கண்டால் விட்டு விடவும். அவை சிறு குளவிகளின் கூடுகள். அந்தப் புழு எப்படியும் சாகப் போகிறது. வெளிவரும் குளவிகள் மற்றப் புழுக்களைத் தேடிச் செல்லும்.

இவ்வளவு பார்த்தும் தெரியாவிட்டால், புழுவை அது தின்ற இலையுடன் அகன்ற வாய் பாட்டிலில் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லவும். பிளாஸ்டிக் பையில் மூடினால் வியர்த்து அழுகி விடும். செடியின் பெயர், இலையில் இருந்ததா, காயில் இருந்ததா, முதலில் கண்ட தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் வேண்டும்.